மட் டயர் வாங்குமுன் ஒரு வருடக் கணக்கு

2011 ஜனவரியில் கிழக்கு மாகாணத்தைப் புரட்டிப்போட்ட பெருவெள்ளத்தை எமது பகுதி வியாபாரிகள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் வற்றிய பின்னர் எஞ்சியிருந்த பெரும்போக நெல்லை வாங்குவதற்காக, எனது டபள் கெப் வாகனத்துடன் அம்பாறை மாவட்டத்தின் வட்டைகளுக்குள் அலைந்தேன். கிறவல் போட்ட பாதைகள் அடிபட்டுப் போயிருந்தன. வாய்க்கால் உடைத்துப் பாய்ந்த இடங்களில் களிமண் குழம்பாகக் கிடந்தது.

ஒரே வாரத்தில் மூன்று தடவை வாகனம் புதைந்தது. ஒவ்வொரு தடவையும் டிரக்டர் தேடிப் பிடித்து இழுத்தெடுக்க வேண்டியிருந்தது. டிரக்டருக்குக் கொடுத்த காசு பெரிதல்ல. மூன்றாவது தடவை நான் சேற்றில் நின்று கொண்டிருந்த அந்த இரண்டு மணித்தியாலத்தில், நான் பேசி வைத்திருந்த நெல்லை இன்னொரு வியாபாரி ஏற்றிச் சென்றுவிட்டார். அதுதான் வலித்தது.

அடுத்த நாளே டயர் கடைக்குப் போனேன். "சேற்றுக்கு எது நல்லது?" என்று கேட்டேன். கடைக்காரர் கட்டை கட்டையாகப் பற்கள் வைத்த மட் டெரெய்ன் டயரைக் காட்டினார். பார்க்கவும் கம்பீரமாக இருந்தது. நான்கையும் மாற்றினேன். கழற்றிய பழைய டயர்களை அந்தக் கடையிலேயே கழிவு விலைக்குக் கொடுத்துவிட்டேன். அந்தப் போகம் முழுவதும் வாகனம் எங்கும் புதையவில்லை. நல்ல வேலை செய்தோம் என்ற திருப்தியில் இருந்தேன்.

பிழை எங்கே என்பது 2013 நவம்பரில்தான் தெரிந்தது. கண்டிக்கு அரிசி மாதிரி கொண்டுபோய்க் காட்டிவிட்டு எனது சாரதித் தம்பி தனியாகத் திரும்பிக் கொண்டிருந்தார். மஹியங்கனைக்கு இறங்கும் 18 வளைவுப் பாதையில் நல்ல மழை. ஒரு வளைவில் பிரேக் பிடித்தபோது வாகனம் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய் மலைப்பக்க மண்திட்டில் மோதியது. மற்றப் பக்கம் பள்ளம். அல்லாஹ் காப்பாற்றினான். தம்பிக்கு இடது கை முறிந்தது. வாகனத்தின் முன்பக்கம் நொறுங்கியது.

மறுநாள் வாகனத்தைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கிருந்த கராஜ் பாஸ் வயதானவர். நொறுங்கிய முன்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன்னர் குனிந்து டயரைத்தான் பார்த்தார். சிங்களத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"முதலாளி, நீங்கள் வருடத்தில் எத்தனை நாள் சேற்றில் ஓடுகிறீர்கள்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எத்தனை மூட்டை நெல் வாங்கினேன், எவருக்கு எவ்வளவு கடன் கொடுத்தேன் என்பதெல்லாம் விரல் நுனியில் இருந்தது. ஆனால் எனது வாகனம் எங்கே ஓடுகிறது என்ற கணக்கு என்னிடம் இருக்கவில்லை.

குறிப்புப் புத்தகம் சொன்ன பதில்

வீட்டுக்கு வந்து டீசல் பில்களையும் கொள்வனவுப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு ஒரு வருடக் கணக்கைப் பார்த்தேன். மொத்த ஓட்டம் சுமார் 25,000 கிலோமீற்றர். வட்டைக்குள் உண்மையான சேற்றில் இறங்கிய நாட்கள் 32. அந்த நாட்களிலும் சேற்றில் ஓடியது நாளொன்றுக்கு 12 கிலோமீற்றருக்கு மேல் வராது. பெருக்கினால் 384 கிலோமீற்றர்.

அதாவது 384 கிலோமீற்றர் சேற்றுக்காக, மீதி 24,600 கிலோமீற்றரையும் கார்ப்பட் வீதியிலும் கிறவல் வீதியிலும் பொருத்தமற்ற டயரில் ஓடியிருக்கிறேன். அதைவிட, எனக்காக உழைக்கும் ஒருவரை அந்த டயரில் மலை இறக்கத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்த 32 நாட்களில்தான் எனது வருட இலாபத்தின் பெரும்பகுதி வருகிறது. பெப்ரவரி, மார்ச் அறுவடையில் வெட்டு மெசின் இறங்கிய வயலுக்கு அதே நாளில் போகாதவன் நெல் வியாபாரி அல்ல. எனவே "மட் டயர் வேண்டாம்" என்று சொல்வதும் எமக்குத் தீர்வாகாது.

மட் டயர் எப்படி வேலை செய்கிறது?

சந்தையில் கிடைக்கும் ஜீப், கெப் டயர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். பக்கச்சுவரில் எச்/டி என்று இருந்தால் அது வீதிக்கானது. ஏ/டி என்றால் வீதி, கிறவல், இலேசான சேறு எல்லாவற்றுக்கும் நடுத்தரமானது. எம்/டி என்றால் சேற்றுக்கானது.

எம்/டி டயரில் இறப்பர்க் கட்டைகள் பெரிதாகவும் அவற்றுக்கிடையேயான இடைவெளி அகலமாகவும் ஆழமாகவும் இருக்கும். கட்டைகள் சேற்றைத் தோண்டிப் பிடிக்கின்றன. சக்கரம் சுழலும்போது இடைவெளியில் நிரம்பிய சேறு வெளியே வீசப்படுகிறது. அடுத்த சுற்றுக்குப் பற்கள் துப்புரவாக வருகின்றன. சாதாரண டயரில் இந்த இடைவெளி சிறியது. களிமண் ஒருமுறை அதில் அடைத்தால் டயர் உருட்டிய மாப்போல் வழுவழுப்பாகிவிடும். அதன் பின்னர் நான்கு சக்கரமும் சுழன்றாலும் வாகனம் நகராது.

சேற்றில் நன்மையாக இருக்கும் அதே அமைப்பு நனைந்த கார்ப்பட் வீதியில் தீமையாகிறது. ஆழமான இடைவெளிகள் தண்ணீரை வெளியேற்றத்தான் செய்யும். ஆனால் இடைவெளி கூடினால் வீதியோடு ஒட்டும் இறப்பர் குறைகிறது. வீதி டயர்களில் நனைந்த தார் மேற்பரப்பைப் பற்றிக்கொள்வதற்காக மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும். மட் டயர்களில் அவை குறைவு. பெரிய கட்டைகள் பிரேக் பிடிக்கும்போது வளைந்து கொடுக்கின்றன. ஆகவே மழையில் வாகனம் நிற்க எடுக்கும் தூரம் கூடுகிறது. டயர் தேயத் தேய இது இன்னும் மோசமாகும். எனது வாகனத்தில் அன்று இருந்தது இரண்டரை வருடம் ஓடித் தேய்ந்த மட் டயர்.

இவை தவிர, டயர் ஒன்றுக்குப் பல கிலோ பாரம் கூடுதல். தார் வீதியில் விரைவாகத் தேயும். டீசல் கூடுதலாகக் குடிக்கும். இரைச்சலும் அதிகம்.

உங்களுடையது எந்தச் சேறு?

எல்லாச் சேறும் ஒன்றல்ல. மேலே குழம்பும் கீழே கெட்டியான அடித்தளமும் உள்ள பாதைக்கு ஒடுக்கமான டயர் நல்லது. அது சேற்றை வெட்டிக்கொண்டு போய் அடித்தளத்தைப் பிடிக்கும். பழைய லேண்ட் ரோவர் ஜீப்புகளில் ஒடுக்கமான 7.50-16 டயர்கள் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடியே இல்லாத ஆழமான சகதிக்கு அகலமான டயர் உகந்தது. அது பாரத்தைப் பரப்பி மேலே மிதக்கப் பார்க்கும்.

மணலில் கதை வேறு. கற்பிட்டிப் பக்கம் கருவாடு எடுக்கப் போகும் வியாபாரிகளும், கடற்கரையில் வாகனம் இறக்குபவர்களும் மட் டயர் வாங்கினால் ஏமாந்து போவார்கள். கட்டைப் பற்கள் மணலைத் தோண்டும். வாகனம் தன் குழியைத் தானே வெட்டிக்கொண்டு இறங்கும். மணலுக்கு ஏ/டி டயரில் காற்றைக் குறைத்து மெதுவாக ஓட்டுவதே சரியான வழி.

ரூபாக் கணக்கு

2022 நெருக்கடியில் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனபோது டயர் விலை எங்கே போனது என்பது எமக்குத் தெரியும். முன்னர் பிழையாக வாங்கினால் ஆயிரங்களில் நட்டம். இப்போது இலட்சங்களில் நட்டம். எனவே டயரை அதன் விலையைப் பார்த்து வாங்காமல், ஒரு கிலோமீற்றருக்கு எவ்வளவு விழுகிறது என்று பார்த்து வாங்குங்கள்.

கணக்குக்காக ஒரு உதாரணம் வைப்போம். உங்கள் கடையில் கேட்கும் விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

ஏ/டி டயர் ஒன்று 60,000 ரூபா, 60,000 கிலோமீற்றர் ஓடுகிறது என்றால் கிலோமீற்றருக்கு 1 ரூபா. நான்கு டயருக்கும் 4 ரூபா. எம்/டி டயர் ஒன்று 80,000 ரூபா, 40,000 கிலோமீற்றர் ஓடுகிறது என்றால் கிலோமீற்றருக்கு 2 ரூபா. நான்கு டயருக்கும் 8 ரூபா. வருடம் 25,000 கிலோமீற்றர் ஓடினால் வித்தியாசம் 100,000 ரூபா.

இதனுடன் டீசலையும் சேருங்கள். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் வாகனத்துக்கு வருடம் 2,500 லீற்றர் தேவை. 5 வீதம் கூடினால் 125 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் 37,500 ரூபா. ஆக, வருடம் முழுவதும் மட் டயரில் ஓடுவதற்கு நீங்கள் கொடுக்கும் மேலதிக விலை 137,500 ரூபா.

இப்போது மற்றொரு வழி. ஒரு சோடிக்கு மட்டும் நிற்காமல், நான்கு ரிம் தனியாக வாங்கி அதில் நான்கு மட் டயரைப் போட்டு வைத்துக்கொள்வது. அறுவடை மாதங்களில் மாட்டுவது, முடிந்ததும் கழற்றி ஏ/டி டயரை மாட்டுவது. நான்கு மட் டயர் 320,000 ரூபா. பாவித்த ரிம் ஒன்று 15,000 ரூபா என்றால் நான்கும் 60,000 ரூபா. மொத்தம் 380,000 ரூபா. இந்தச் செட்டை ஆறு வருடம் பாவித்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 63,000 ரூபாதான் விழுகிறது. பாதிக்கும் குறைவு. மலை ஏறும் நாளில் வாகனத்தில் சரியான டயரும் இருக்கும்.

2014 பெரும்போகத்திலிருந்து நான் செய்வது இதைத்தான். ரிம்களைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடி எடுத்தேன். பாவித்த ரிம் வாங்கும்போது சுழற்றிப் பார்த்து வாங்குங்கள். நெளிவும் வெடிப்பும் இருக்கக் கூடாது. போல் துளைகளும் நடுத்துளையும் உங்கள் வாகனத்துக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். கழற்றிய டயர்களை வெயில் படாத, எண்ணெய் சிந்தாத இடத்தில் வையுங்கள். ஜெனரேட்டருக்கோ மின் மோட்டாருக்கோ பக்கத்தில் வைக்காதீர்கள். அங்கே இறப்பர் விரைவாக வெடிக்கும்.

இரண்டு செட் வாங்க வசதியில்லாதவர்களும், கிறவல் வீதியில் கூடுதலாக ஓடுபவர்களும் நல்ல ஏ/டி டயரோடு நின்றுகொள்வது புத்தி. அத்துடன் ஒரு நல்ல இழுவைக் கயிறும் மண்வெட்டியும் வாகனத்தில் இருக்கட்டும். காட்டுப் பாதையிலும் சேற்றிலும் பாதிக்கு மேல் ஓடுபவருக்கு மட்டும் வருடம் முழுவதும் மட் டயர் நியாயமாகும்.

பக்கச்சுவரை வாசியுங்கள்

டயர் வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன்னர் பக்கச்சுவரை வாசிக்கப் பழகுங்கள்.

அளவு: 265/70 ஆர் 16 என்றால் அகலம் 265 மில்லிமீற்றர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 வீதம், ஆர் என்பது ரேடியல், ரிம் 16 அங்குலம். கம்பீரத்துக்காக அளவைக் கூட்டாதீர்கள். 245/70 ஆர் 16 இருந்த வாகனத்துக்கு 265/75 ஆர் 16 போட்டால் சக்கரத்தின் விட்டம் சுமார் 7 வீதம் கூடும். மீற்றர் 80 காட்டும்போது நீங்கள் உண்மையில் 86 இல் போய்க்கொண்டிருப்பீர்கள். இழுவை குறையும். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் டயர் உரசலாம்.

பாரம்: அளவுக்குப் பக்கத்தில் உள்ள எண் சுமைக் குறியீடு. 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். 121 என்றால் 1,450 கிலோ. மூட்டை ஏற்றும் எமக்கு இது முக்கியம். காருக்கான டயரை கெப்புக்குப் போட்டு ஒரு தொன் ஏற்றுவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். எல்.டி. என்ற எழுத்து பாரமேற்றும் இலகு வாகனங்களுக்கான பலமான டயரைக் குறிக்கும். எண்ணை அடுத்து வரும் கியூ என்ற எழுத்து, ஆகக்கூடிய வேகம் 160 கிலோமீற்றர் என்பதைக் காட்டும்.

வயது: டி.ஓ.டி. எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017 இன் 23 ஆவது வாரத்தில் செய்தது. கடையில் பல வருடம் கிடந்த டயர் புதிதுபோல் மினுங்கும். ஏமாற வேண்டாம். இரண்டு செட் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உங்கள் மட் டயர் தேய்வதற்கு முன்னர் வயதாகிவிடும். ஐந்து வருடம் கடந்தால் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் வெடிப்பு இருக்கிறதா என்று பரிசோதியுங்கள்.

நான்கும் ஒன்றாக: பின்னுக்கு மட்டும் இரண்டு மட் டயர் போடும் பழக்கம் எமது பகுதியில் உண்டு. மழையில் பின்பக்கம் வழுக்கி வாகனம் சுழலும். ஃபோர் வீல் போடும்போது முன்பின் விட்டம் வேறுபட்டால் கியர்ப் பெட்டிக்கும் கேடு. நான்கும் ஒரே அளவு, ஒரே வகை இருக்கட்டும்.

காற்று

நல்ல டயர் வாங்கியும் புதைபவர்கள் பெரும்பாலும் காற்றைக் கவனிக்காதவர்கள். வீதியில் சாரதிக் கதவோரம் எழுதியுள்ள அளவு காற்று இருக்க வேண்டும். வெறும் வாகனத்துடன் சேற்றில் இறங்குமுன் 20 இறாத்தல் வரை குறைத்தால் டயர் பரந்து பிடிக்கும். பாரம் ஏற்றியிருந்தால் அந்த அளவுக்குக் குறைக்கக் கூடாது. கார்ப்பட் வீதிக்கு ஏறியவுடன் மீண்டும் அடித்துவிட வேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் டயர் சூடேறி வெடிக்கும். பற்றரியில் இயங்கும் சிறிய காற்று பம்ப் ஒன்று வாகனத்தில் இருப்பது அவசியம்.

டயர் விற்கும் சகோதரர்களுக்கு

இப்பத்தியை வாசிப்பவர்களில் டயர் கடைக்காரர்களும் இருப்பார்கள். எனக்கு அன்று டயர் விற்றவர் மீது நான் குறை சொல்ல மாட்டேன். சேற்றுக்கு எது நல்லது என்று கேட்டேன், அதற்குரியதைக் கொடுத்தார். ஆனால் "மற்ற நாட்களில் எங்கே ஓடுகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இன்றுவரை நான் அவரது வாடிக்கையாளனாக இருந்திருப்பேன். அந்தக் கேள்வியைக் கேட்ட மஹியங்கனை பாஸிடம்தான், இத்தனை தூரம் இருந்தும், பல வருடம் வாகனத்தைக் கொண்டுபோனேன். கேட்டு விற்பவனிடம் வாங்கியவன் திரும்பி வருவான்.

சாரதித் தம்பி இன்றும் என்னுடன்தான் இருக்கிறார். மழை நாட்களில் அந்தக் கை இன்னும் உளைவதாகச் சொல்வார். கடந்த போகம் முடிந்து வட்டையிலிருந்து வந்த அன்று பின்னேரம், மறுநாள் விடிய கண்டிக்குப் போக வேண்டிய அவசர வேலை ஒன்று வந்தது. மட் டயர் மாட்டியபடியே வாகனம் நின்றது. "இரவாகுது, இந்த ஒரு தரம் இப்படியே போய் வருவமே" என்றேன்.

"இல்ல காக்கா, கழட்டி மாத்திட்டுத்தான் போவம். ஒரு மணித்தியாலம்தானே" என்றார்.

இருவருமாக ஜக்கை எடுத்தோம். மாற்றி முடிய ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. கண்டிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

வாசகர்கள் செய்ய வேண்டியது இதுதான். அடுத்த தடவை டயர் கடைக்குப் போகுமுன் ஒரு கொப்பியில் நான்கு கோடு கீறுங்கள்: கார்ப்பட், கிறவல், சேறு, மணல். ஒரு மாதம் வாகனம் ஓடுவதை அதில் எழுதுங்கள். போகம் தவறாமல் எழுதினால் ஒரு வருடக் கணக்கு கையில் வரும். அந்தக் கொப்பியுடன் கடைக்குப் போனால் என்ன டயர் வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்ல வேண்டியதில்லை. நீங்களே சொல்லிவிடுவீர்கள்.